பாதி வெட்டிய பனிவீடு

வட துருவத்தை அடுத்த பனிப்பாலைக்கும் இறக்காமக் குளத்தை அண்டிய வரிப்பத்தான்சேனை வயல்வெளிக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். அங்கே மரமில்லை, இங்கே பனிக்கட்டி என்பது கடைக்காரரின் குளிர்பெட்டியில் மாத்திரம் உண்டு. ஆயினும், உலகின் நடுவிடம் என்று எவராலும் கருதப்படாத ஊர்கள் என்ற அளவில் இரண்டும் ஓரினமே. இத்தகைய இடங்களைப் பற்றி உலகம் அறிவதெல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர் சொல்லிய கதையேயாகும். அக்கதையை அவர் எவ்வாறு சொன்னார், எதைக் காட்டினார், எதை மறைத்தார் என்பதை ஆராய்வது இலக்கிய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன் தரும் முயற்சியாகும். அம்முயற்சிக்கு ஏற்ற பாடநூல் ஒன்று, ஒரு நூற்றாண்டுக்கு முன் கமராவைத் தூக்கிக்கொண்டு பனிவெளிக்குச் சென்ற ஒருவரின் வரலாற்றில் நமக்குக் கிடைக்கின்றது. அவ்வரலாற்றின் கிளையொன்று நம் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது என்பது பலர் நினைவில் கொள்ளாத செய்தி.

இரும்பு தேடிச் சென்றவர்

1884ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்த ரொபேட் பிளாஹேட்டி என்பவர் கலைஞராகத் தொழில் தொடங்கியவர் அல்லர். 1910ஆம் ஆண்டில், கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பகுதியில் இரும்புத் தாது உண்டோ எனப் பார்த்துவர அனுப்பப்பட்ட ஆய்வாளர் அவர். பின்னர் 1913ஆம் ஆண்டுப் பயணத்தின்போது, அசையும் படம் எடுக்கும் கருவியொன்றையும் உடன் கொண்டு சென்றார். அங்கு வாழும் இன்யூட் மக்களை, முன்னாளில் உலகம் எஸ்கிமோவர் என்று அழைத்த அம்மக்களை, அடி அடியாகப் படச்சுருளிற் பதித்தார்.

1916ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் அப்படத்தைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, அவர் கையிலிருந்த சிகரெட்டின் பொறி விழுந்து, ஏறத்தாழ 30,000 அடி நீளமுள்ள சுருள் முழுவதும் எரிந்தொழிந்தது. பிறிதொருவராயின் அத்துடன் அத்தொழிலைக் கைவிட்டிருப்பார். பிளாஹேட்டியோ, எரிந்த படம் நல்ல படமன்று என்ற முடிவுக்கு வந்தார். இங்கொரு காட்சி, அங்கொரு காட்சி எனப் பயணி ஒருவன் கண்டதையெல்லாம் கோத்த மாலையாக இருந்ததேயன்றி, அதனூடே ஓடும் கதை இல்லை என்பதை உணர்ந்தார். ஒரு மக்கட் கூட்டத்தை முழுவதும் காட்ட முயல்வதை விடுத்து, ஒரு மனிதனையும் அவன் குடும்பத்தையும் ஓராண்டுக் காலம் பின்தொடர்வதே வழி எனத் துணிந்தார். கதைசொல்லும் கலையிலே இது பெரியதோர் படிப்பினை. ‘எஸ்கிமோவரின் வாழ்க்கை’ என்பது கட்டுரைத் தலைப்பு. பசித்த பிள்ளைகளுக்காகக் கடல்நாயைத் தேடிப் பனித்துளையருகே காத்துநிற்கும் ஒரு தந்தை என்பதே கதை.

உரோம வாணிகக் குழுவொன்றின் பொருளுதவி பெற்று, 1920ஆம் ஆண்டில் இனுக்ஜுவாக் என்னும் குடியிருப்பை அடைந்தார். அல்லகரியல்லாக் என்ற வேட்டைக்காரர் ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவருக்குப் படத்தில் ‘நனூக்’ என்று பெயரிட்டார். கரடி என்பது அச்சொல்லின் பொருள். படச்சுருளை நகருக்கு அனுப்பிக் கழுவுவித்தற்கு வழியில்லை. ஆதலின் குடிசையிலேயே கழுவினர். அதற்கு வேண்டிய நீரை, உறைந்த நீர்நிலையில் ஆறடி ஆழத்துக்குத் துளையிட்டு அள்ளிச் சுமந்தவர்கள் இன்யூட் மக்களே. கழுவிய படத்தை அவர்களுக்கே திரையிட்டுக் காட்டுவதையும் பிளாஹேட்டி வழக்கமாகக் கொண்டார். கடற்பசு போலும் தந்தமுடைய வால்ரஸ் என்னும் விலங்கை வேட்டையாடும் காட்சியைத் திரையிற் கண்டபோது, கூடியிருந்தோர் அது படம் என்பதை மறந்து, விலங்கை விட்டுவிடாதே, இறுகப் பிடி என்று கூவினர் என அவர் எழுதியிருக்கின்றார். தம்மைப் பற்றிய படத்தைத் தாமே முதலிற் காணும் உரிமை அம்மக்களுக்கு அன்று கிடைத்தது. இன்றும் பல படப்பிடிப்பாளர் அவ்வுரிமையை எவர்க்கும் அளிப்பதில்லை.

உண்மையும் ஏற்பாடும்

‘வடநாட்டு நனூக்’ 1922ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் வெளியாயிற்று, உலகெங்கும் ஓடிற்று. விவரணப் படம் என்னும் கலைவடிவின் தாய் என்று அதனைப் போற்றுவர். போற்றுதற்குரியதே; ஆயினும் அதனுள்ளே சில பொய்களும் உள்ளன.

பனிவீட்டுக்குள் குடும்பம் உறங்கி எழும் காட்சி வேண்டியிருந்தது. வழக்கமான பனிவீட்டினுள் அக்காலத்துக் கமரா நுழையாது. நுழைந்தாலும் ஒளி போதாது. எனவே, வழக்கத்திற் காணாத பெரிய பனிவீடு ஒன்றைக் கட்டுவித்தனர், அதன் கூரை இடிந்து வீழ்ந்தது, மீண்டும் கட்டினர். பின்னும் இருளே எஞ்சியதால், வீட்டின் ஒரு பாதியை வெட்டி அகற்றினர். அக்குடும்பத்தார் திறந்த வெளிக் குளிரிலே ஆடை களைந்து உறங்குவதுபோல் நடித்தனர். ‘குடும்பத்தார்’ என்ற சொல்லும் சற்றுத் தடுமாறவே செய்கின்றது. ஏனெனில், மனைவியாகத் தோன்றிய பெண் அல்லகரியல்லாக்கின் மனைவி அல்லள். இசைத்தட்டைக் கண்டு வியந்து நனூக் அதைக் கடித்துப் பார்ப்பதாக வரும் காட்சியும் ஏற்பாடே. அம்மக்கள் அத்தகைய பொருள்களை முன்னரே அறிந்தவர்கள். வேட்டைக்குத் துப்பாக்கி பயன்படத் தொடங்கியிருந்த காலத்தில், படத்துக்காக ஈட்டியே எடுக்கப்பட்டது. வால்ரஸை இழுத்துப் பிடிக்க மாட்டாமல் திணறிய வேட்டைக்காரர், துப்பாக்கியால் சுடுமாறு தம்மை நோக்கிக் கத்தியபோதும், விளங்காதவர்போல் பாசாங்கு செய்து கமராவின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்ததாகப் பிளாஹேட்டி தாமே குறித்துள்ளார்.

இவற்றையெல்லாம் ஒரே தட்டில் இட்டு நிறுத்தல் முறையன்று. பாதி வெட்டிய பனிவீடு, ஒளிக்காகச் செய்த ஏற்பாடு. அம்மக்கள் பனிவீடு கட்ட வல்லவர் என்பதும், அதில் உறங்குவர் என்பதும் மெய். மெய்யைக் காண்பதற்கு ஒரு சுவரை நீக்கினார் என்று கொள்ளலாம். இசைத்தட்டைக் கடித்த காட்சியோ வேறு வகையினது. அறிந்தவரை அறியாதவராகக் காட்டி, நகரத்துப் பார்வையாளரைச் சிரிக்கவைத்த காட்சி அது. முன்னது கலையின் உபாயம். பின்னது மனிதரின் மதிப்பைக் குறைக்கும் பொய். எவர் கதையையேனும் எழுதவோ படமெடுக்கவோ புகுவோர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா இதிலிருந்தே பிறக்கின்றது: யான் அகற்றுவது சுவரையா, மானத்தையா?

படம் வெளிவந்த சில காலத்தின் பின் அல்லகரியல்லாக் இறந்தார். வேட்டைக்குச் சென்று பட்டினியால் மடிந்தார் என்ற செய்தி பரவிற்று. படத்தின் கதைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. நோயுற்று, பெரும்பாலும் காசநோயினால், இருப்பிடத்திலேயே இறந்தார் என்பது பின்னாள் ஆராய்ச்சியாளர் கருத்து. மனிதரின் மரணத்தையும் கதை தன் போக்கிற்கு இழுத்துக்கொண்டது.

இன்னும் ஒன்று உண்டு. பிளாஹேட்டி ஊர் திரும்பியபின், படத்தில் நடித்த பெண்ணொருத்திக்கு அவர்வழி ஒரு மகன் பிறந்தான். ஜோசபி என்பது அவன் பெயர். தந்தை மீண்டும் அங்கே வரவில்லை. 1953ஆம் ஆண்டில் கனடிய அரசாங்கம் இனுக்ஜுவாக் மக்களுட் சிலரை ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடக்கே, மாதக்கணக்கில் சூரியன் எழாத நிலத்துக்குக் குடிபெயர்த்தது. 1955ஆம் ஆண்டில் ஜோசபியின் குடும்பமும் அங்கு அனுப்பப்பட்டது. பனிவெளி மனிதர் எங்கும் வாழ வல்லவர் என்ற எண்ணம் அதிகாரிகளின் மனத்தில் இருந்தது. அத்தகைய எண்ணத்தை உலகில் பரப்பியவற்றுள் ‘நனூக்’ படமும் ஒன்று. அக்குடிபெயர்ப்புக்காகக் கனடிய அரசாங்கம் 2010ஆம் ஆண்டிலேதான் மன்னிப்புக் கோரியது. கதையொன்று தவறாகப் பதியுமாயின் அதன் விலையைச் செலுத்துவோர் யார் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அலை இலங்கையை அடைந்தது

பிளாஹேட்டியின் அடுத்த படத்தைப் பற்றி 1926ஆம் ஆண்டில் எழுதிய ஜோன் கிரியர்சன் என்னும் ஸ்கொத்லாந்தியரே ‘டொக்கியுமென்டரி’ என்ற சொல்லை இக்கலைக்கு வழங்கச் செய்தவர். அவர்வழி வந்த இளைஞர் பசில் றைட், 1934ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காகப் படமெடுக்க இங்கு வந்தார். அவ்வாறு உருவானதே ‘சோங் ஒப் சிலோன்’. அவருக்குத் துணைநின்று வழிகாட்டியவர் நம் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். படத்தின் பின்னணியில் ஒலிக்கும் குரலும் அவருடையதே. 1935ஆம் ஆண்டில் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் அப்படம் பரிசு பெற்றது.

வென்ட் அவர்கள் வாசித்த சொற்கள் யாருடையவை என்று நோக்கின் மற்றொரு வியப்பு உண்டு. 1660ஆம் ஆண்டில் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் கரையிற் சிறைப்பட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1679ஆம் ஆண்டில் தப்பிச் சென்ற ரொபேட் நொக்ஸ் எழுதிய நூலிலிருந்து எடுக்கப்பட்டவை அவை. கிழக்குக் கரையிற் பிடிபட்ட அந்நியரின் சொல்லை, கொழும்பிற் பிறந்த கலைஞர் வாசிக்க, இலண்டனிலிருந்து வந்தவர் படமாக்கினார்.

படம் அழகியது. தேயிலை விலை கூறும் வாணிகக் குரல்கள் ஒலிக்க, கிராமத்து மனிதர் தம் பாட்டில் உழைக்கும் காட்சிகள் அதனோடு இழையும் பகுதி இன்றும் கற்றற்குரியது. ஆயினும் அது சிவனொளிபாதத்தையும் பொலன்னறுவையையும் மலைநாட்டையும் சுற்றிவந்த படம். மருதமுனைத் தறியும், சம்மாந்துறை வயலும், வரிப்பத்தான்சேனைச் சூட்டுக்களமும் அதன் பொருளாகவில்லை. பணம் தந்தது தேயிலைச் சபையாதலின், தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளரின் துயரமும் அதில் விரியவில்லை. இதனைக் குற்றமாகக் கூறுதல் எம் கருத்தன்று. அந்நியர் கமரா எங்கு திரும்பவில்லையோ அங்கு நம்மவர் கண் திரும்புதல் கடன் என்பதே கருத்து.

கமரா கைமாறிய கதை

பனிவெளியில் அக்கடனை நிறைவேற்றியவர்கள் இருக்கின்றனர். பீற்றர் பிற்சியோலாக் என்னும் இன்யூட் வேட்டைக்காரர் 1902ஆம் ஆண்டிற் பிறந்தவர். சிறுவராயிருந்தபோது பிளாஹேட்டியைக் கண்டவர். 1940களின் தொடக்கத்தில் தமக்கெனக் கமரா ஒன்று வாய்க்கப்பெற்றார். கற்றுக்கொடுப்பார் இல்லை, இருட்டறை இல்லை. வேட்டைக்காலத்துப் பனிவீட்டினுள், சிவப்புத் துணி சுற்றிய மின்விளக்கின் ஒளியிலே, மனைவியின் துணையுடன் படங்களைக் கழுவினார். கறுப்புக் கண்ணாடியின் வில்லையை ஒளிவடிகட்டியாக்கினார். தம் உறவினரை, தம் வீட்டாரை, மாறிக்கொண்டிருந்த தம் காலத்தைப் படமாக்கினார். தம் மொழியில் வரலாறும் எழுதினார். 1973ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அவர் எடுத்த படங்கள் கனடிய நாட்டின் செல்வமாகப் பேணப்படுகின்றன. பிளாஹேட்டியின் படத்தில் நாம் காண்பது ஒரு வகைமாதிரியை. பிற்சியோலாக்கின் படத்தில் காண்பது பெயரும் உறவும் உடைய மனிதரை. படமெடுப்பவரை நோக்கி அவர்கள் சிரிக்கும் சிரிப்பு, அறிந்தவரைக் கண்டு சிரிக்கும் சிரிப்பு.

பின்னர், 1981ஆம் ஆண்டில் சக்கரியாஸ் குனுக் என்ற இன்யூட் சிற்பி, தாம் செதுக்கிய சிலைகளை மொன்றியல் நகரில் விற்று, அப்பணத்தால் வீடியோக் கமரா ஒன்றை வாங்கி ஊர் திரும்பினார். முதியோர் சொல்லிவந்த கதையொன்றை இன்யூட் மொழியிலேயே முழுநீளத் திரைப்படமாக்கினார். ‘அதனர்ஜுவாட்’ என்ற அப்படம் 2001ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. ஒரு காலத்தில் இசைத்தட்டைக் கடித்துக்காட்டும்படி செய்யப்பட்ட மக்கள், எண்பது ஆண்டுகளுக்குள் தம் கதையைத் தாமே உலகுக்குச் சொன்னார்கள்.

நம் வயலும் நம் கண்ணும்

இனி நம்மூருக்கு வருவோம். 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதியின் நீரையும் நிலத்தையும் மாற்றியது. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. எருமை மிதித்த சூட்டுக்களத்துக்கு உழவு இயந்திரம் வந்தது. அதன்பின் அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லாகவே கொட்டும் பெரிய இயந்திரமும் வந்தது. உழைப்பு எளிதாயிற்று, அது நன்று. ஆயினும், வட்டையைக் காத்த வட்டவிதானையாரின் அதிகாரம் எத்தகையது, போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையே நிலவிய கணக்கு யாது, களத்திற் பொலியருகே வழங்கிய தனிச் சொற்கள் யாவை, இரவிலே பரண்மீது காவலிருந்தவர் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சாது பாடிய கவி எத்தகையது என்பவற்றை இன்றைய மாணவன் அறிவானா? அறிந்த முதியோர் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். அவர்களோடு ஒரு நூலகமே அடங்கிவிடுகின்றது.

இழப்பு எத்தகையது என்பதற்குக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் வாழ்வே சான்று. பண்டைத் தமிழரின் யாழ் எவ்வாறிருந்தது என்று அறிதற்கு அவர் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது. அவ்வுழைப்பின் பயனாகிய ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டில் அரங்கேறியது. சொல்லில் மட்டும் எஞ்சிய கருவியை மீட்டெடுக்க ஒரு பேரறிஞரின் முதிர்ந்த ஆயுள் வேண்டியிருந்தது. இன்று களத்தில் எஞ்சியிருக்கும் கருவிகளை எதிர்காலத்தார் அவ்வாறு தேடி அலையாதிருக்க, ஒரு பள்ளி மாணவனின் கைத்தொலைபேசி போதும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளையும் இங்கு நினைத்தல் தகும். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகின் கமராக்கள் பல நம் கரைக்கு வந்தன. அழும் தாயரையும் இடிந்த சுவர்களையும் எடுத்துச் சென்றன. உதவி வந்ததற்கு அப்படங்களும் காரணமே, அதனை மறுத்தற்கில்லை. ஆயினும், மருதமுனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் அதற்கு முன்னரும் வாழ்ந்த ஊர்கள். பின்னரும் வாழும் ஊர்கள். வீட்டு அலுமாரியிலிருந்த திருமணப் படங்களையும் பிள்ளைப் பருவப் படங்களையும் அலை கொண்டுபோயிற்று. அந்நியர் எடுத்த அவலப் படமோ உலகில் நிலைத்தது. ஒரு ஊரின் துயர நாளை மட்டும் அறிந்தவன் அவ்வூரை அறிந்தவன் ஆகான்.

ஆசிரியர்க்குச் சில சொற்கள்

இக்கலையைக் கற்பிக்க அயலார் இலக்கணம் மட்டுமே வேண்டும் என்பதில்லை. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து விலங்கும் பறவையும் உணவும் தொழிலும் பறையும் கரு. மக்களின் ஒழுக்கம் உரி என்று தொல்காப்பியம் வகுத்த முறை, விவரணப் படத்துக்கும் விவரணக் கட்டுரைக்கும் அப்படியே பொருந்தும். பிளாஹேட்டி முதலையும் கருவையும் நன்கு கண்டார். உரியை இடையிடையே தாமாகப் புனைந்தார். பிற்சியோலாக் மூன்றையும் அறிந்தவர்.

வரிப்பத்தான்சேனை மாணவர் ஒருவர் பெரும்போகம் முழுவதும் ஒரே ஒரு வேளாண்மைக் குடும்பத்தைப் பின்தொடரட்டும். விதைப்பு நாளில் ஒரு முறையும் அறுவடை நாளில் ஒரு முறையும் சென்று திரும்பினாற் போதாது; நீர் வராது ஏங்கிய நாளிலும், கூலி கணக்கிட்ட மாலையிலும், ஒன்றும் நிகழாத வெறும் நாளிலும் வரம்பில் நிற்கவேண்டும். படம் எடுக்குமுன் இசைவு பெறுதல் முதற்கடன். முகத்தைப் படமாக்க விரும்பாதோர் நம்மூர்களில் உளர், அவ்விருப்பின்மை மதிக்கப்படவேண்டும். வெடித்த உள்ளங்கையும், தேய்ந்த மண்வெட்டியும், வாடியின் மூலையிற் கிடக்கும் பழைய தோற்செருப்பும் முகத்தினும் மிகுதியாகப் பேசும். எடுத்த படத்தை முதலில் அவ்வீட்டாருக்கே காட்டுதல் அடுத்த கடன். அவர்கள் பிழை என்று சொல்வதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பெரும்பாலும் அங்குதான் கட்டுரை தொடங்கும். ஒவ்வொரு படத்தின் கீழும் பொருளின் பெயர், அதற்கு நம்மூரில் வழங்கும் சொல், நாள், இடம் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். பெயரெழுதாத படம் முப்பது ஆண்டுகளில் ஊமையாகிவிடும். பழைய முறையை மீண்டும் செய்துகாட்டும்படி முதியவரை வேண்டினால், இது செய்துகாட்டியது என்பதையும் வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். பிளாஹேட்டி இவ்வொரு வரியை எழுதியிருப்பின், நூறாண்டுப் பழி அவரைச் சேர்ந்திராது.

இத்தொகுப்பு எங்கே சேரவேண்டும் என்ற வினாவுக்கும் விடை அருகிலேயே உள்ளது. ஊர்ப் பாடசாலை நூலகத்தில் ஒரு பேழை போதும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் அதனை ஆய்வுப் பொருளாக்கலாம். ஓராண்டுக்கு ஒரு குடும்பம், ஒரு தொழில் எனக் கொண்டாலும், இன்று ஆறாம் வகுப்பிற் பயிலும் பிள்ளை உயர்தரம் முடிப்பதற்குள் உழவும் தறியும் கடற்றொழிலும் பாய் இழைத்தலும் அப்பேழையில் இடம்பெற்றுவிடும்.

இனுக்ஜுவாக் மக்கள் பனியை உடைத்து நீர் சுமந்தார்கள். அந்நீரிற் கழுவப்பட்ட படத்துக்கு வேறொருவர் பெயர் சூட்டப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரவேண்டியதில்லை. அடுத்த பெரும்போகத்துக்கு வயல் உழும் நாள் வரும்போது, வரிப்பத்தான்சேனையில் ஓர் ஆசிரியரும் நான்கு மாணவரும் குறிப்பேட்டோடு வரம்பில் இறங்குவாராக. முதற் படத்தை எடுக்குமுன், அவ்வயலுக்குரியவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வாராக.